தண்ணீரும் தன்னலமும்

மனிதன் தன் நலத்தை நாடுவது இயல்பு. பிறர் நலத்தையும் பேண வேண்டும் என்பது அறம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள உறவு யாது என்னும் வினா மிகப் பழையது. பொருளியலார் ஒரு விடை கூறுவர். அறநூலார் வேறொரு விடை கூறுவர். சந்தைக்குள் நுழையும்போது அறத்தைச் செருப்பைப்போல் வாசலில் கழற்றி வைத்துவிட வேண்டும் என்று எண்ணுவார் சிலர். ஆதாயம் என்ற சொல்லையே பாவமாகக் கருதுவார் வேறு சிலர். இக்கொள்கைகளை ஏட்டில் வைத்து ஆராய்வதைக் காட்டிலும், நம் வீட்டு வாசலில் நிகழ்ந்த ஒன்றை வைத்து ஆராய்வது பயன் தரும். பெங்களூர் நகரம் 2024ஆம் ஆண்டுக் கோடையில் கண்ட தண்ணீர்த் தட்டுப்பாடே நாம் எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி. நாம் வாழும் மல்லேஸ்வரத்திலிருந்து அதனை நோக்குவோம்.

மும்பையிலும் தில்லியிலும் வேறு நகரங்களிலும் வாழும் நேயர்களுக்கு மல்லேஸ்வரத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டும். 1898ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கமான பழைய பேட்டைகளிலிருந்து மக்களை வெளியேற்றிக் காற்றோட்டமான இடங்களில் குடியமர்த்த வேண்டியதாயிற்று. அதன் விளைவாக உருவான புதுப்பகுதிகளில் ஒன்று மல்லேஸ்வரம், மற்றொன்று பசவனகுடி. நேராக வகுத்த தெருக்கள், எண்ணிட்ட குறுக்குத் தெருக்கள், செண்பகத்தின் பெயர் தாங்கிய சம்பிகே சாலை, வேம்பின் பெயர் தாங்கிய மார்கோசா சாலை ஆகியவை இதன் அடையாளங்கள். இப்பகுதிக்குப் பெயர் தந்த காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு நம்மோடு ஒரு தொடர்பும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் அதனை எழுப்பியவர் மராட்டிய மன்னர் ஏகோஜி. அவரே பின்னர்த் தஞ்சைக்குச் சென்று அங்கு மராட்டிய அரசை நிறுவினார். தஞ்சைக்கும் மல்லேஸ்வரத்துக்கும் உள்ள இவ்வுறவை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்; பின்னால் அதற்குத் தேவை வரும்.

பெங்களூர் மேட்டு நிலத்தில் அமைந்த நகரம். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் அருகே பேராறு எதுவும் ஓடவில்லை. ஆகவே முன்னோர் மழைநீரை ஏரிகளில் தேக்கினர். மல்லேஸ்வரத்தை ஒட்டியிருக்கும் சாங்கி ஏரி 1882ஆம் ஆண்டில் அமைந்தது. இன்று பேருந்துகள் வந்து நிற்கும் கெம்பேகவுடா நிலையம் ஒரு காலத்தில் தர்மாம்புதி என்னும் ஏரி. காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு எதிரே, மண்ணில் மறைந்து கிடந்து 1997இல் வெளிப்பட்ட நந்தி தீர்த்தத்தில், கல் நந்தியின் வாயிலிருந்து நீர் வழிந்து சிவலிங்கத்தின் மேல் விழுகின்றது. நிலத்தடி நீர் நம் காலடியில் எவ்வளவு அண்மையில் இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

ஊர் வளர்ந்தது. ஏரிகள் போதவில்லை. 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் வந்தது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. 1974இல் காவிரியே வந்தது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, தாழ்ந்த பள்ளத்தாக்கிலிருந்து மேட்டு நிலத்துக்கு, மின்விசையால் படிப்படியாக உயர்த்தி அந்நீர் கொணரப்படுகின்றது. நகரின் நடுப்பகுதியாகிய மல்லேஸ்வரத்துக்குக் காவிரிக் குழாய் முன்பே வந்துவிட்டது. ஆனால் 2007ஆம் ஆண்டில் நகராட்சி எல்லை விரிந்தபோது அதனுள் சேர்க்கப்பட்ட 110 கிராமங்கள் அவ்வாறு பேறு பெறவில்லை. அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுந்தன, அலுவலகங்கள் எழுந்தன, குழாய் மட்டும் வரவில்லை. அங்குள்ளோர் ஆழ்துளைக் கிணற்றையும் தண்ணீர் லாரியையும் நம்பி வாழ்ந்தனர்.

2023ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கிணறுகள் வற்றத் தொடங்கின. அரசுக்குரிய 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழப் பாதி வறண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. தண்ணீர் லாரியின் விலை வாரத்துக்கு வாரம் ஏறிற்று. மக்கள் முறையிட்டனர். மார்ச் 7ஆம் நாள் மாவட்ட நிர்வாகம் தனியார் லாரிகளுக்கு விலை வரையறுத்தது. 5 கிலோமீட்டர் தொலைவுக்குள் கொண்டுவரும் 6,000 லிட்டர் லாரிக்கு 600 ரூபாய். 8,000 லிட்டருக்கு 700 ரூபாய். 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்பது அவ்வரையறை. தூரம் கூடினால் சற்றுக் கூடுதல். மறுநாள் குடிநீர் வாரியம், குடிநீரைக் கொண்டு கார் கழுவுவதையும் தோட்டத்துக்குப் பாய்ச்சுவதையும் தடை செய்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் தண்டம் விதித்தது.

இந்நிகழ்ச்சியைப் பற்றி அன்று நகரில் இரண்டு கருத்துகள் ஒலித்தன. தாகத்தை விற்றுப் பணம் சேர்க்கும் லாரிக்காரர் அறங்கெட்டவர், அவரைத் தண்டிக்க வேண்டும் என்பது ஒன்று. அருமையான பொருளின் விலை ஏறுவது இயற்கை, விலையைக் கட்டினால் லாரி வராது என்பது மற்றொன்று. குறித்த விலைக்கு வர மறுத்த லாரிகளைப் பற்றிய முறையீடுகளும் நாளேடுகளில் வெளிவந்தன. இவ்விரண்டில் எது சரி?

முதலில் இரண்டாம் கருத்தை நேர்மையோடு கேட்போம். அதன் மூலவராகக் கருதப்படுபவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஆடம் ஸ்மித். நாடுகளின் செல்வத்தைப் பற்றி 1776ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பெருநூலில் தண்ணீரைப் பற்றி ஒரு புதிர் உண்டு. தண்ணீரைப்போல் பயனுள்ள பொருள் வேறில்லை; ஆயினும் அதற்கு விலை இல்லை. வைரத்தால் வாழ்வுக்குப் பெரும்பயன் ஒன்றும் இல்லை; ஆயினும் அதற்கு விலை மிகுதி. இதற்கு விடை, பொருளின் பயன் வேறு, அதன் அருமை வேறு என்பதே. 2024 மார்ச் மாதத்தில் பெங்களூரில் தண்ணீர் வைரத்தின் திசையில் சில அடிகள் நடந்தது என்று சொல்லலாம்.

பஞ்ச காலத்துத் தானிய வணிகரைப் பற்றியும் ஸ்மித் அதே நூலில் பேசுகின்றார். உணவு குறைந்த கப்பலின் தலைவன் மாலுமிகளுக்கு முன்னதாகவே படியைக் குறைத்து அளக்கின்றான். விலையை உயர்த்தும் வணிகர் தம்மை அறியாமலே அதே தொழிலைச் செய்கின்றார் என்பது அவர் வாதம். விலை ஏறினால் மக்கள் சிக்கனமாகச் செலவிடுவர், இருப்பு நீடிக்கும். இதில் உண்மை இல்லையென்று தள்ள இயலாது. லாரிக்காரருக்கும் செலவு உண்டு. அண்மைக் கிணறு வற்றினால் தொலைவுக்குச் செல்ல வேண்டும்; டீசல் எரிய வேண்டும்; நீர் ஊறும் வரை வரிசையில் காத்துக் கிடக்க வேண்டும்; லாரி வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். ஆதாயமே இல்லையென்றால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து நமக்கு நீர் கொணர்பவர் யார்? தன்னலம் இங்கே ஊருக்கு ஓர் ஊழியம் செய்கின்றது. அதனை ஒப்புக்கொள்வதே நியாயம்.

ஆயினும் ஸ்மித்தின் உவமையிலேயே இவ்வாதத்தின் குறையும் வெளிப்படுகின்றது. படியைக் குறைக்கும் கப்பல் தலைவன் எல்லாருக்கும் ஒரே அளவாகக் குறைக்கின்றான். பணம் உள்ள மாலுமிக்கு இரு பங்கும் இல்லாதவனுக்குக் கால் பங்கும் அளப்பதில்லை. விலை அவ்வாறு அளப்பதன்று. ஒருவர் வீட்டுப் புல்தரைக்கு வேண்டிய நீரையும் இன்னொருவர் வீட்டுக் குழந்தைக்கு வேண்டிய நீரையும் விலை வேறுபடுத்தி அறியாது. எவர் மடிசீலை கனமானதோ அவர் பக்கம் லாரி திரும்பும். வாங்கும் வலிமை ஒத்திருக்கும் இடத்தில் விலை நல்ல நடுவன். அது ஒவ்வாத இடத்தில், உயிர்க்கு இன்றியமையாத பொருளைப் பொறுத்தவரை, விலையை மட்டும் நடுவனாக அமர்த்த இயலாது.

இன்னொரு வினாவும் எழுகின்றது. லாரிக்காரர் விற்கும் நீர் யாருடையது? உழவர் விளைவித்த நெல் உழவருடையது. நெய்தவர் நெய்த துணி நெய்தவருடையது. ஆழ்துளைக் கிணற்று நீரை எவரும் விளைவிக்கவில்லை. நம் நிலத்தின் அடியில் உள்ள நீரை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமையை 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. சாங்கி ஏரி அமைந்த அதே ஆண்டு அது. அன்று ஏற்றமும் கவலையும் கொண்டு இறைத்த காலம். மின்விசையால் ஆயிரம் அடிக்குக் கீழிருந்து உறிஞ்சுவார்கள் என்று அன்று சட்டம் எழுதியவர்கள் எண்ணியிருக்க முடியாது. நிலத்துக்கு மேல் மதில் உண்டு. நிலத்துக்கு அடியில் மதில் இல்லை. நாம் எடுக்கும் ஒரு குடத்தில் அடுத்த வீட்டாரின் நீரும் கலந்திருக்கின்றது. 2011ஆம் ஆண்டில் கர்நாடக அரசு நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றியதற்குக் காரணமும் இதுவே.

இதுவரை லாரிக்காரரைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். குழாய் நீர் பெறும் மல்லேஸ்வரத்துக் குடும்பங்கள் இவ்வழக்கில் வெறும் பார்வையாளர் அல்லர். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

2014ஆம் ஆண்டில் குடிநீர் வாரியம் நிர்ணயித்த கட்டணம் 2025 வரை நடப்பில் இருந்தது. அதன்படி வீட்டு உபயோகத்துக்கு முதல் 8,000 லிட்டர் வரை, ஆயிரம் லிட்டருக்கு 7 ரூபாய். அதற்கு மேல் 25,000 லிட்டர் வரை ஆயிரத்துக்கு 11 ரூபாய். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டும் என்பது நகரங்களுக்கு வகுத்த அளவு. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 20,250 லிட்டர் ஆகின்றது. குழாயில் பெற்றால், கழிவுநீர் முதலிய பிற கட்டணங்கள் நீங்கலாக, இதற்கு ஆகும் தொகை ஏறக்குறைய 190 ரூபாய். இதே நீரை அரசு வரையறுத்த மலிவான விலையில், 6,000 லிட்டர் 600 ரூபாய் என்ற கணக்கில் லாரியில் வாங்கினால், ஆகும் தொகை 2,025 ரூபாய். பத்து மடங்குக்கும் மேல்! பேராசைக்காரர் கேட்ட விலையை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அரசு நியாயம் என்று வகுத்த விலையையே எடுத்துக்கொண்டோம். இருபது லிட்டர்க் குடத்தை ஐந்து ரூபாய்க்கு வாங்கும் ஏழைக்கோ ஆயிரம் லிட்டர் 250 ரூபாய் ஆகின்றது.

நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாள் பெரும்பாலும் நகரின் ஓரத்தில் குடியிருப்பவர். அவர் நம் வீட்டில் மலிவான குழாய் நீரில் கை நனைக்கின்றார். தம் வீட்டுக்குத் திரும்பிப் பல மடங்கு விலை கொடுத்துக் குடத்தை நிரப்புகின்றார். இந்த வேறுபாட்டை உண்டாக்கியவர் லாரிக்காரர் அல்லர். எல்லாருடைய பணத்தாலும் இட்ட குழாய் நம் தெரு வரை வந்து நின்றதால் உண்டானது அது. நாம் பெறும் சலுகை கண்ணுக்குத் தெரிவதில்லை. லாரிக்காரர் பெறும் ஆதாயம் கண்ணில் உறுத்துகின்றது. தன்னலத்தின் இயல்பு அப்படி. பிறருடையது மலையாகவும் தன்னுடையது கடுகாகவும் அதற்குத் தோன்றும்.

மழைநீர் சேகரிப்பை எடுத்துக்கொள்வோம். 2009ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், 2,400 சதுர அடிக்கும் மேற்பட்ட மனையில் உள்ள பழைய வீடுகளும், 1,200 சதுர அடிக்கும் மேற்பட்ட மனையில் எழும் புதிய வீடுகளும் மழைநீரைச் சேகரித்தாக வேண்டும் என்று விதித்தது. தவறுவோர்க்குத் தண்டம் உண்டு. ஆயினும் தண்டத்தை மாதந்தோறும் செலுத்திவிட்டு, குழியும் தோண்டாமல் குழாயும் மாட்டாமல் இருந்துவிடுவோர் நகரில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். அவர்களுடைய எண்ணம் யாது? தண்டம் கட்டியாயிற்று, கடன் தீர்ந்தது என்பதே.

இம்மனநிலையைப் பற்றிப் பொருளியலார் இருவர் இஸ்ரேல் நாட்டின் ஹைஃபா நகரில் செய்த ஆராய்ச்சி 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. குழந்தைக் காப்பகங்களில் பெற்றோர் சிலர் மாலையில் குறித்த நேரத்துக்கு வாராமல் ஆசிரியர்களைக் காக்க வைத்தனர். தாமதமாக வருவோருக்குச் சில காப்பகங்கள் சிறு தண்டம் விதித்தன. தாமதம் குறையும் என்று எவரும் எதிர்பார்ப்பர். மாறாக அது பெருகிற்று! முன்னர் ஆசிரியரைக் காக்க வைக்கின்றோமே என்னும் கூச்சம் பெற்றோரைத் தடுத்தது. தண்டம் வந்ததும் அது தாமதத்துக்கு விலையாகிவிட்டது. விலை கொடுத்தபின் கூச்சம் எதற்கு? தண்டத்தை நீக்கிய பின்னரும் பழைய கூச்சம் திரும்பவில்லை. அறத்தை விலையாக மாற்றிவிட்டால், விலையை எடுத்துவிட்டாலும் அறம் உடனே திரும்புவதில்லை என்பதை நாம் இதிலிருந்து அறிகின்றோம்.

அப்படியானால் தன்னலத்தை அடியோடு துறக்க வேண்டுமா? அது துறவிக்கு இயலலாம், இல்லறத்தார்க்கு இயலாது. நம் தமிழ் நூல்களும் அதனைக் கோரவில்லை. வள்ளுவர் வணிகரைப் பழிக்கவில்லை. நடுவுநிலைமை என்னும் அதிகாரத்திலே வணிகருக்கு இடம் கொடுத்து, பிறர் பொருளையும் தம் பொருளைப்போல் பேணுவதே நல்ல வாணிகம் என்று கூறுகின்றார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், கொள்வதில் மிகுதி கொள்ளாமலும் கொடுப்பதில் குறை செய்யாமலும் விற்றதைப் பட்டினப்பாலை பாராட்டுகின்றது. ஆதாயம் பெறாமல் விற்றனர் என்று அது கூறவில்லை. ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் உவமை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஊர் நலம் விரும்பும் அறிவுடையோன் செல்வத்தை அவர் நீர் நிறைந்த ஊருணிக்கு ஒப்பிடுகின்றார். ஊருணி ஒருவர் வெட்டியதாயினும் ஊரே உண்பது.

ஆடம் ஸ்மித்தும் தன்னலத்தை மட்டும் போற்றியவர் அல்லர். செல்வத்தைப் பற்றிய நூலுக்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன், 1759இல், அவர் அறவுணர்ச்சிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒவ்வொரு மனிதன் நெஞ்சிலும், எப்பக்கமும் சாராத ஒரு பார்வையாளன் அமர்ந்திருக்கின்றான்; நம் செயலை அவன் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொள்வதே அறம் என்பது அந்நூலின் மையக் கருத்து. சந்தையைப் போற்றிய அவரே இந்தப் பார்வையாளனையும் போற்றினார். சந்தை செம்மையாக நடக்க இப்பார்வையாளன் இருந்தாக வேண்டும்.

இதிலிருந்து நாம் ஓர் எளிய உரைகல்லைப் பெறலாம். ஆதாயம் எடுப்பதில் குற்றம் இல்லை. அந்த ஆதாயத்தின் கணக்கை, அதனால் பாதிக்கப்படுவோர் முன் விரித்துக் காட்ட நாம் கூசுகின்றோமா என்பதே வினா. டீசல் இவ்வளவு, கிணற்றுக்குக் கொடுத்தது இவ்வளவு, ஓட்டுநர் கூலி இவ்வளவு, எனக்கு மிஞ்சியது இவ்வளவு என்று சொல்லக்கூடிய லாரிக்காரர் எந்த விலை பெற்றாலும் அவர் வணிகரே. வேறு வழியில்லை என்று அறிந்து நேற்றைய விலையை இன்று இருமடங்காக்கி, காரணம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர் வணிகர் அல்லர். அதே உரைகல் நமக்கும் உரியது. நம் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நாளொன்றுக்கு எவ்வளவு நீர் எடுக்கின்றோம் என்பதைத் தெருவார் முன் எழுதி வைக்க நாம் உடன்படுவோமா?

இது வெறும் உபதேசம் அன்று. நடைமுறையில் பயன் தந்த வழி. அமெரிக்க நாட்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்த கடற்கரையில், ஒரே நிலத்தடி நீரைப் பல ஊர்களும் தொழிற்சாலைகளும் போட்டியிட்டு இறைத்தன. நீர்மட்டம் தாழ்ந்தது, கடல்நீர் உட்புகுந்தது. ஒருவர் மட்டும் குறைத்துக்கொண்டால் மற்றவர் அதனை எடுத்துக்கொள்வர் என்ற அச்சத்தால் எவரும் குறைக்கவில்லை. இறுதியில் அவர்கள் ஒன்றுகூடி, நீதிமன்றத்தின் துணையோடு, ஒவ்வொருவரும் எடுக்கும் அளவுக்கு எல்லை வகுத்துக்கொண்டனர். எவர் எவ்வளவு எடுத்தார் என்பதை ஆண்டுதோறும் எல்லாரும் அறியுமாறு செய்தனர். இதனை நேரில் ஆராய்ந்து 1965இல் முனைவர் பட்டம் பெற்றவர் எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார். பொதுவளங்களைப் பற்றி அவர் வாழ்நாள் முழுதும் செய்த ஆய்வுக்காக 2009ஆம் ஆண்டில் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

இப்பாடம் நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை, ஏரிக்கென்றே தனி வாரியம் இருந்ததைக் கூறுகின்றன. உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்று விதித்தனர். மனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி அவர்கள் ஏரியை ஒப்படைக்கவில்லை. தன்னலம் எல்லாரிடமும் உண்டு என்று அறிந்தே கணக்கைக் கேட்டனர்.

இனி, முன்னர் நினைவில் வைத்துக்கொண்ட தஞ்சைக்கு வருவோம். காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16ஆம் நாள் தீர்ப்பு வழங்கிற்று. 2007ஆம் ஆண்டில் நடுவர் மன்றம் வகுத்த அளவிலிருந்து, தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் விடவேண்டிய நீர் 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைக்கப்பட்டது. குறைத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீர் முதலிய தேவைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. நம்முள் பலருடைய பெற்றோரும் உடன்பிறந்தாரும் காவிரிப் படுகையில் உழுது வாழ்கின்றனர். நாமோ பெங்களூரில் அந்நீரைப் பருகுகின்றோம். ஊரில் இருந்து நோக்கினால் ஒரு நியாயம். இங்கிருந்து நோக்கினால் வேறொரு நியாயம். இந்நீரின் பெயரால் 1991இலும் 2016இலும் இந்நகரம் கண்ட கசப்பை நாம் மறக்கவில்லை. அக்கசப்பின் நடுவே கன்னட அயலார் நமக்குக் காட்டிய பரிவையும் மறக்கவில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லையில் உள்ள பிலிகுண்டுலு அளவை நிலையத்தில் ஒவ்வொரு கன அடியும் அளக்கப்படுகின்றது. இரு மாநிலங்களும் துளித்துளியாகக் கணக்குக் கேட்கும் அந்த நீரை, நம் வீட்டுக் குழாயில் வந்தபின் நாம் கணக்கின்றிக் கொட்டலாமா? தஞ்சை உழவரின் உரிமைக்காகக் குரல் கொடுப்பவர், பெங்களூர் வீட்டில் நிரம்பி வழியும் மேல்தொட்டியைப் பாராமுகமாக விடலாமா? இரு பக்கத்துக்கும் சுற்றத்தாராக இருப்பவர் நாம். ஆகவே சிக்கனம் நமக்கு இருமடங்கு கடமை.

2024 அக்டோபர் 16ஆம் நாள் காவிரியின் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பெற்றது. நாளொன்றுக்கு மேலும் 77.5 கோடி லிட்டர் நீரை 110 கிராமங்களுக்கு வழங்குவது அதன் நோக்கம். இது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் நீர் மிகுந்தால் தன்னலம் அடங்கிவிடும் என்று எண்ண வேண்டா. சென்னையை நினைத்துப் பாருங்கள். 2003ஆம் ஆண்டிலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தின் தலைநகருக்கு, 2019 ஜூலை 12ஆம் நாள் ஜோலார்ப்பேட்டையிலிருந்து இரயிலில் 25 லட்சம் லிட்டர் நீர் கொண்டுசெல்ல நேர்ந்தது. குழியைத் தோண்டினால் போதாது. அதனை ஆண்டுதோறும் தூர் வாருவதற்கு மனமும் வேண்டும். எந்தச் சட்டமும் நம் வீட்டுக் கொல்லையில் வந்து நின்று நாள்தோறும் காவல் காக்க இயலாது.

நாம் செய்யக் கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. ஆழ்துளைக் கிணற்றுக்கு ஓர் அளவுமானி பொருத்தலாம். நம் கூரையில் விழும் மழையை இங்கு குழிக்குள் இறக்கலாம். அது நம் கிணற்றுக்கு மட்டும் போகாது, அடுத்த வீட்டுக்கும் போகும் என்பதை அறிந்தே இறக்கலாம். அடுக்குமாடியில் வாழ்வோர், எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரிக்கும் தண்ணீர்க் கட்டணத்தை விட்டு, அவரவர் அளவுக்கு ஏற்பச் செலுத்தும் முறைக்கு மாறலாம். லாரியில் வாங்கும் குடியிருப்புகள் தனித்தனியே பேரம் பேசாமல் ஒன்றாகச் சேர்ந்து, கோடைக்கு முன்பே, இரு தரப்புக்கும் கட்டும் விலையை எழுத்தில் பேசி முடிக்கலாம். லாரிக்காரருக்கு ஆண்டு முழுதும் வேலை உறுதியானால், பங்குனி சித்திரையில் கழுத்தைப் பிடிக்கும் தேவை அவருக்கும் குறையும். தன்னலத்தைத் திட்டுவதைக் காட்டிலும் அதற்கு நல்ல வாய்க்கால் வெட்டிக் கொடுப்பது பயன் மிக்கது.

வேற்றூரில் வாழும் நாம் வருவாயை நாடி வந்தவர்கள். நல்ல சம்பளம், பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு, ஊரில் உள்ள பெற்றோருக்கு மாதந்தோறும் அனுப்பச் சிறு தொகை ஆகியவை நம்மை இங்குக் கொணர்ந்தன. அந்தத் தன்னலத்துக்கு நாம் நாணவேண்டியதில்லை. அதனால் நம் குடும்பங்கள் உயர்ந்தன. நாம் குடியேறிய ஊர்களும் வளம் பெற்றன. ஆனால் ஊரின் நீரைப் பருகும்போது ஊரின் கணக்கிலும் நாம் சேர்ந்துவிடுகின்றோம். எவ்வளவு பெற்றோம், எவ்வளவு செலவிட்டோம், நிலத்துக்கு எவ்வளவு திருப்பித் தந்தோம் என்று கேட்கும் உரிமை அயலாருக்கு உண்டு. அக்கேள்விக்குத் தயக்கமின்றி விடை கூறக்கூடியவாறு வாழ்வோமாக.